பழவேற்காட்டு மகிமை மாதா: கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு வரலாறு



தறியின் ஓசையில் கண்விழிக்கும் காஞ்சி மக்களாகிய நமக்கும் கடலோர மீனவர்களுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். பாஸ்கா காலத்தில் பழவேற்காட்டு மகிமை மாதாவைத் தரிசிக்கச் செல்வோர், அந்த உறவு எவ்வளவு பழமையானது என்பதை அறிந்து சென்றால் யாத்திரை இன்னும் பயனுள்ளதாகும். அதற்காகவே இச்சிறு கட்டுரை.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இங்கே ஒரு பெரிய உப்பங்கழி ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்து இதுவே பெரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல்திட்டுகள் நீண்டு கிடக்கின்றன. வடக்கே அத்திட்டு ஸ்ரீஹரிகோட்டாத் தீவாகிறது. தெற்கே லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள். ஒருபுறம் அலை, மறுபுறம் அமைதியான கழி. அங்கே நாளை அளப்பது கடிகாரமல்ல, காற்றும் நீரோட்டமுமே.

விஜயநகர வேந்தர் காலத்தில் இது பெருந்துறைமுகம். போர்த்துக்கீசியர் இங்கே குடியேறி 1515ஆம் ஆண்டு தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் ஏற்பட்டது 1606இல் என்றால், அதற்கு 91 ஆண்டுகள் முன்பே இங்கே ஆலய மணி ஒலித்திருக்கிறது!

அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613இல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாகப் பழவேற்காட்டை வைத்திருந்தனர். அவர்கள் நாடி வந்தது துணியை. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கப் பணத்தைவிட நம் நாட்டுத் துணியே பெரிதும் செல்லுபடியாயிற்று. சாயவேரின் சிவப்பு ஏறிய பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாகச் சென்றன. ‘பளையக்காட்டு லுங்கி’ என்ற பெயரே இத்துறைமுகத்தை நினைவூட்டுவதுதானே!

அந்நாளில் காஞ்சி ஒரு பெரும் நெசவு நகரம். காஞ்சிக் கைக்கோளர் பெற்றிருந்த பல்லக்கு, சங்கு ஆகிய மரியாதைகளைப் பிற ஊர் நெசவாளரும் கேட்டுப் பெற்றதாக 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுச் செய்தி உண்டு. தொண்டை நாட்டுத் தறிகளில் விளைந்த துணியே இக்கரைத் துறைமுகங்களை வாழவைத்தது. நெய்தவர் கடலைக் கண்டதில்லை. கடலோடியவர் தறியைக் கண்டதில்லை. ஆயினும் ஒருவர் உழைப்பு மற்றவருக்குச் சோறாயிற்று.

பெருமையை மட்டும் சொல்லிச் செல்வது நியாயமாகாது. இதே துறைமுகத்திலிருந்து பஞ்சத்தில் தவித்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டு பட்டாவியாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். துணிப்பொதி ஏற்றிய கரையிலேயே மனிதரும் சரக்காக ஏற்றப்பட்டனர். பழைய டச்சுக் கல்லறைத் தோட்ட வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே பெரிய மனிதரின் சமாதிகள். அடிமைகளாய்ப் போனவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அங்கு செல்லும்போது அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்வோம்.

1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சென்னை வளர வளர இத்துறைமுகம் ஓய்ந்தது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. பீரங்கி வைத்துக் காத்தது அழிந்தது. மீனவரின் விசுவாசம் காத்தது நிலைத்தது. 2015இல் மகிமை மாதா ஆலயம் 500 ஆண்டுகளை நிறைவு செய்தது. அருகிலேயே பழங்கோயில்களும், அரபு நாட்டிலிருந்து வந்தோரின் வழிவந்த இசுலாமியரின் பள்ளிவாசல்களும் உள்ளன. கோயில் நகராகிய காஞ்சியில் வாழும் நமக்கு இந்த அண்டைவீட்டு உறவு புதிதல்ல.

மீனவரிடையே ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் மீன் மிகுந்த இடங்களில் யார் எந்நாளில் வலை இறக்குவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

ஆனால் அவர்கள் வாழ்வு எளிதன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது அத்தீவின் குடிகள் இடம்பெயர்ந்தனர். 1971இல் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. நாடு பெருமை கொண்டது. பெயர்ந்தவரின் இழப்பையும் நாடு மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்குப்பங்களையும் தாக்கியது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும் காலங்களில் படகு கடலுக்குள் போக வழியில்லை. ஏரியில் மீனும் குறைகிறது. முகத்துவாரம் அடைந்தால் அடுப்பும் அணையும்.

ஆகவே யாத்திரை செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். 2011 கிறிஸ்து பிறப்பு நாளன்று ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். படகு ஆசையை விட்டுவிடுங்கள். குப்பையைக் கரையில் போடாதீர்கள். பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டியொன்றை விலை பேசாமல் வாங்கி வாருங்கள். கைத்தொழிலின் கூலி எப்படிப்பட்டது என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்குத் தெரியாதா?

நம் பங்கின் யூபிலி ஆண்டில் நாமும் ‘பாடு’ முறையைக் கற்போம். ஆண்டவர் தந்த நல்ல இடத்தை அயலாரோடு பகிர்ந்து வாழ்வோம்.

மரியே வாழ்க!