மையவாடியும் பொதுச் சுகாதாரமும்

பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் புகுந்த எனக்கு முதற் பாடமாக வந்தது 1854ஆம் ஆண்டின் இலண்டன். வாந்திபேதி கெட்ட காற்றால் வருகிறதென்று மருத்துவர்களே நம்பிய அந்நாளில், ஜோன் ஸ்னோ மரணங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து, புரோட் வீதியின் தண்ணீர்ப் பம்பைச் சுட்டிக்காட்டினார். நோய் எந்த வழியாற் பரவுகிறது, அதற்குச் சான்று என்ன என்பதே அந்தப் படிப்பின் அடித்தளம். அக்கேள்வியோடு எமது கரையோரத்தின் அண்மைய வரலாற்றைப் பார்த்தால் 2004, 2020 என்ற இரண்டு ஆண்டுகள் அருகருகே வந்து நிற்கின்றன.

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு எங்கும் ஜனாஸாக்கள் அவசரமாக மணலில் அடக்கப்பட்டன. பலருக்குத் தனிக் கபுறு தோண்டவும் அவகாசமிருக்கவில்லை. பிரேதங்களால் கொள்ளைநோய் வருமென்று பயந்தார்கள். வரவில்லை. இயற்கைப் பேரிடரில் மாண்டோரின் உடல்கள் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை என்று ஒலிவர் மோர்கன் என்ற ஆய்வாளர் அதே ஆண்டில், சுனாமிக்கு முன்னரே எழுதியிருந்தார். உண்மையான ஆபத்து கிணறுகளில் இருந்தது. உப்பும் அழுக்கும் கலந்த அவற்றை இறைத்துச் சுத்தமாக்கியதும், முகாம்களில் மலசலகூடம் அமைத்ததுமே உயிர்காத்த வேலைகள்.

2020க்கு வருவோம். தொற்றுநோயால் இறந்தவரை எரித்தேயாக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24இலேயே சொல்லிவிட்டது. ஆயினும் மார்ச் 31இல் இலங்கையின் வழிகாட்டல் எரிப்பை மட்டும் அனுமதிப்பதாக மாற்றப்பட்டது. ஏப்ரல் 11இல் வர்த்தமானியும் வந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். டிசம்பரில், பிறந்து 20 நாளேயான பிள்ளையும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வாயிலில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. கல்முனைக் கரையின் ஜனாஸாக்களும் சொந்த ஊர் மையவாடியை விட்டு அங்கேதான் போயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இங்கே நிதானமும் வேண்டும். சுனாமியில் இறந்தோர் நோயால் இறந்தவர்களல்லர். ஆகவே 2004இன் மணல் 2020க்கு நேர்ச் சான்றாகாது. கொரோனா மூச்சுக்காற்றாற் பரவுவது, உயிருள்ள கலங்களின்றி அந்த வைரஸ் பெருகாது என்பவையே நேர்ச் சான்றுகள். உணர்ச்சிக்காகச் சான்றை இழுத்து நீட்டினால், நாம் எதிர்த்த தவறையே நாமும் செய்தவர்களாவோம்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டு வாசலுக்கே வரும் முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. அது நிற்பது ஜனங்களின் நம்பிக்கையில். உம்மாவை எரித்துவிடுவார்கள் என்று பயந்து காய்ச்சலை மறைக்கும் வீட்டுக்குள் எந்தப் பரிசோதகரும் நுழைய முடியாது. அங்கே தோற்பது ஒரு சமூகம் மட்டுமல்ல, முழு நாட்டின் நோய்த்தடுப்பும்தான்.

பிள்ளைகள் டொக்டராக வேண்டுமென்று எமது ஊர்களில் ஆசைப்படாத வீடில்லை. தொற்றுநோயியலும் சுகாதாரப் புள்ளிவிபரமும் படிக்க அனுப்பும் வீடுகள் குறைவு. அடுத்த ஆணை வரும் நாளில், அதை எழுதுகிறவர்களின் மேசையில் இருந்துகொண்டு, அவர்களுடைய மொழியிலேயே சான்று எங்கே என்று கேட்க எமக்கு ஆட்கள் வேண்டும்.