நடத்தை நெறி, கட்டற்ற மென்பொருள் குழுக்களில்

கட்டற்ற மென்பொருளை எழுதியும் பரப்பியும் வரும் தன்னார்வலர்கள் தங்களுக்குள் எப்படிப் பேச வேண்டும், எதைச் செய்யக் கூடாது, மீறினால் என்ன நடக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளும் விதித்தொகுப்பு நடத்தை நெறி எனப்படும். பேச்சுவழக்கில் 'கோட் ஆஃப் காண்டக்ட்' என்றே சொல்கிறார்கள். இந்தக் குழுக்களில் சம்பளம் இல்லை, முதலாளி இல்லை, பல நேரம் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததும் இல்லை. அலுவலகத்தில் சொல்லாமலே இருக்கும் கட்டுப்பாடுகள் இங்கே இல்லாததால் அவற்றை எழுத வேண்டியதாயிற்று. சென்னையில் முதலில் வந்தவை மின்மடல் எழுதும் முறை பற்றிய விதிகள். அவை புதிதாக வருபவரைத் திருத்தப் பார்த்தன. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து வந்தவை மனிதரை நடத்தும் முறை பற்றியவை. அவை பழையவர்களையும் கணக்குக் கேட்டன. முதல் வகையை ஏற்பதில் யாருக்கும் பெரிய சங்கடம் இருக்கவில்லை. சச்சரவெல்லாம் இரண்டாவது வகையில்தான்.

மடல் விதிகளின் காலம்

இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளையான ஐ.எல்.யூ.ஜி.சி. 1998 ஜனவரி முதல் இயங்கி வருகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது வழக்கம். நெடுங்காலம் அந்தக் கூட்டம் ஐ.ஐ.டி. வளாகத்தில், வான்வெளிப் பொறியியல் துறையின் அறையில் நடந்தது. உறுப்பினர்கள் மின்மடல் வழியே உரையாடும் மடலாடற்குழுவும் அதே துறையின் வழங்கியில் இருந்தது. சொந்தக் கட்டடம் இல்லாத இந்த அமைப்புக்கு மடலாடற்குழுதான் வீடு. ராயப்பேட்டைக்காரர் ஒருவருக்குக் கணினி உதிரிபாகம் வேண்டுமென்றால் அண்ணா சாலையைக் கடந்து ரிச்சி தெருவுக்குப் போனால் போதும். வாங்கிய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஏறாமல் முரண்டு பிடித்தால் கேட்க இந்தக் குழுவை விட்டால் ஆளில்லை.

அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசி வழியாக டயல் செய்துதான் இணைய வேண்டும். நேரம் ஓட ஓடத் தொலைபேசிக் கட்டணமும் ஏறும். மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டுமே வரும், படம் வராது. அந்த நிலையில் பத்து வரிப் பதிலுக்குக் கீழே பழைய மடல் முழுவதையும் இழுத்து வருவதும், எழுத்துக்கு வண்ணம் பூசி அனுப்புவதும் படிக்கிறவர் காசைக் கரைக்கும் செயல்கள். வெறும் எழுத்தாக அனுப்பு, மேற்கோளைக் கத்தரி, பதிலைக் கேள்விக்குக் கீழே எழுது, பொருள் வரியில் விஷயத்தைச் சொல், ஒருவர் தொடங்கிய இழையில் வேறு பேச்சைச் சொருகாதே, கேட்குமுன் பழைய மடல்களைத் தேடிப் பார் என்ற விதிகள் இப்படித்தான் பிறந்தன. இவை சென்னையின் கண்டுபிடிப்பு அல்ல. இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிக ஆவணம் 1995 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. அதன் சாரத்தைச் சென்னைக் குழு தன் வழிகாட்டியில் எழுதி, ஒவ்வொரு மடலின் அடியிலும் அதற்கான இணைப்பைத் தானாக ஒட்டிக்கொள்ள வைத்தது.

விதிகள் நியாயமானவை. அவற்றை எடுத்துச் சொன்ன விதம்தான் பல நேரம் அப்படி இல்லை. எரிக் ரேமண்ட் 2001-இல் எழுதிய, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது பற்றிய கட்டுரை உலகம் முழுவதும் இந்தக் குழுக்களில் சுற்றியது. நல்ல அறிவுரைகள் நிறைந்த கட்டுரை அது. ஆனால் வல்லுநர் முரட்டுத்தனமாகப் பேசினால் கேட்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அது அங்கீகாரம் தந்தது. மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், செல்பேசிச் சுருக்கெழுத்தில், 'சார்' போட்டு எழுதும் மாணவரின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். கேட்டது நெட்வொர்க் கார்டு பற்றி. கிடைப்பதோ பதிலை எங்கே தட்டச்ச வேண்டும் என்ற பாடம், அதுவும் ஊர் பார்க்க. மறுபடி எழுதாமலே போனவர்களை எந்தப் பதிவேடும் எண்ணி வைப்பதில்லை.

இந்த இடைவெளியை உள்ளிருந்தே கண்டுகொண்டவர்களில் சக்தி கண்ணன் குறிப்பிடத்தக்கவர். மாணவர் மடல்களின் நடையிலேயே 'ஐ வான்ட் 2 டூ ப்ராஜெக்ட், டெல் மீ வாட் 2 டூ' என்று தலைப்பு வைத்து அவர் கல்லூரிகளிலும் பயனர் குழுக்களிலும் உரையாற்றினார். 2014-இல் அது புத்தகமாகவும் வந்தது. மடல் எழுதும் முறையில் தொடங்கி, நுணுக்கத்தில் கவனம், திட்டக் குழுவோடு பேசுவது, கருவிகள், உரை நிகழ்த்துவது என்று அது விரிகிறது. தலைப்பில் கேலி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. உள்ளே இருப்பதோ காரணம் சொல்லிக் கற்றுத்தரும் பொறுமை. தமிழ்நாட்டு மாணவர்கள் மடல் விதிகளைத் தண்டனையாக இல்லாமல் தொழில் பழக்கமாகக் கற்றதில் அந்த உரைக்குப் பங்கு உண்டு.

மடலிலிருந்து மனிதருக்கு

மனிதரை முன்வைத்த முதல் பெரிய ஆவணம் உபுண்டுவுடையது. 2004 அக்டோபரில் முதல் வெளியீடு கண்ட இந்த லினக்ஸ் வழங்கல், பெஞ்சமின் மேக்கோ ஹில் எழுதிய நடத்தை நெறியைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டது. அடுத்தவரை எண்ணிப் பார், மரியாதையாக இரு, சேர்ந்து வேலை செய், உடன்பாடு இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள், தெரியாதபோது உதவி கேள், விலகும்போது பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போ. இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். அங்கே உறுப்பினராக விரும்புகிறவர் தன் மறையாக்கத் திறவுகோலால் இந்த ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும். உபுண்டு தமிழ்க் குழுவிலிருந்து உறுப்பினராக விரும்பியவருக்கும் அதே நிபந்தனைதான். மரியாதையைப் பங்களிப்புக்கு முன்நிபந்தனை ஆக்கியது அன்றைக்குப் புதுமை. ஆயினும் மீறியவரை என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதில் அந்த ஆவணம் அதிகம் பேசவில்லை.

அந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்டார்கள். லினக்ஸில் பெண்களை எப்படி ஊக்குவிப்பது என்று வால் ஹென்சன் 2002-இல் ஒரு வழிகாட்டி எழுதியிருந்தார். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலின் பெண்கள் அமைப்பு 2004-இல் தோன்றியது. 2010 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த அப்பாச்சி மாநாட்டில் தனக்கு நேர்ந்த பாலியல் தாக்குதலை ஒரு பங்கேற்பாளர் வெளிப்படையாக எழுதியபின் நிலைமை மாறியது. மறு ஆண்டு தொடங்கிய ஏடா முனைப்பு என்ற அமைப்பு, மாநாடுகளுக்கான துன்புறுத்தல் தடுப்புக் கொள்கையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. நடத்தை விதி இல்லாத மாநாடுகளுக்குப் பணம் தருவதில்லை என்று பைத்தான் நிரல்மொழியின் மென்பொருள் அறக்கட்டளை 2012-இல் முடிவு செய்தது. வேண்டுகோள்கள் செய்யாததைப் பணப்பை செய்தது.

இந்தியாவின் பைத்தான் மாநாடு 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நீலகிரியில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ். சென்னை லினக்ஸ் குழுவிலும் மிகத் தீவிரமாக இயங்கியவர். 2012-இல் அவர் மறைந்தபின் மாநாட்டின் விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது. 2019 அக்டோபரில் அந்த மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தபோது நடத்தை நெறி அதன் அமைப்பிலேயே ஓர் அங்கமாக இருந்தது. இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐ.ஐ.டி. போய்ப் பழகிய சென்னைக்காரர்களுக்கு, சொந்த ஊரில் இவ்வளவு பெரிய அளவில் இப்படி ஒரு விதியின் கீழ் கூடுவது புதிய அனுபவம்.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் இருக்கிறதே, குழுவுக்குத் தனி விதி எதற்கு என்ற கேள்வி இந்தியாவில் அடிக்கடி எழும். உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பின் வழியில் 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்குழு அமைக்கும் கடமையை வேலையளிப்பவர் மீது வைக்கிறது. மாதம் ஒருமுறை இரவல் அறையில் கூடும் தன்னார்வக் குழுவில் வேலையளிப்பவர் என்று யாரைச் சொல்வது? குற்றம் என்ற அளவுக்குப் போனால் காவல் நிலையம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாத, ஆனால் ஒருவரை வெளியேறச் செய்யப் போதுமான நூறு விஷயங்களுக்குப் போக இடமில்லை. மட்டம் தட்டும் பதில்கள், உரையின் நடுவே வரும் ஆபாசச் சிரிப்பு, தேவையில்லாத தனி மடல்கள் எல்லாம் அந்த வகை. கிட்ஹப் நிறுவனம் 2017-இல் ஏறத்தாழ 5,500 பேரிடம் எடுத்த ஆய்வில் 18 விழுக்காட்டினர் தாங்களே மோசமான நடத்தைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிப்பேர் பிறருக்கு நடப்பதைப் பார்த்திருந்தார்கள். அதே ஆய்வில் பெண்கள் வெறும் 3 விழுக்காடு. துன்புறுத்தல் எண்ணிக்கையைவிட இந்த எண்தான் அதிகம் பேசுகிறது.

சிறு குழுக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புகார் யார் மீதோ, அவர்தான் பெரும்பாலும் அறையை ஏற்பாடு செய்பவர், வழங்கியைப் பராமரிப்பவர், பதினைந்து ஆண்டாக எல்லாருக்கும் அண்ணன். விசாரிக்க வேண்டியவர்கள் அவருடைய நண்பர்கள். எந்த விதித்தொகுப்பும் இதைத் தானாகத் தீர்த்துவிடாது. புகார் பெறுபவர்களில் ஒருவரையாவது நட்பு வட்டத்துக்கு வெளியிலிருந்து போடுவதே இதுவரை கண்ட நடைமுறை வழி.

2018-இன் சர்ச்சை

கொரலைன் ஏடா எம்கே 2014-இல் 'காண்ட்ரிப்யூட்டர் கவனன்ட்' என்ற பொது வரைவை வெளியிட்டார். எந்தத் திட்டமும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் அது வேகமாகப் பரவியது. அதே ஆண்டு டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்களுக்கென ஒரு நெறியை ஏற்றார்கள். லினக்ஸின் கருவான கெர்னலை எழுதும் திட்டம் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. 2015-இல் அது ஏற்றது நடத்தை நெறி அல்ல, 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்', அதாவது மோதல் நெறி. உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், தயாராக இருங்கள் என்பதே அதன் முதல் செய்தி. 2018 செப்டம்பர் 16 அன்று கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பழைய மடல்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்குவதாக அறிவித்தார். கெர்னலும் பொது வரைவை ஏற்றது. அந்தச் சுற்றின் வெளியீடான 4.19-ஐ இன்னொரு பராமரிப்பாளரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்து வைத்தார்.

கடுமை போனால் தரமும் போய்விடும் என்று பலர் எச்சரித்தார்கள். கெர்னல் அதன்பிறகும் முன்போலவே சில வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்துகொண்டிருக்கிறது. டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டதற்கு அடுத்த மாதமே, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் குனு திட்டத்துக்குக் கனிவான பேச்சுக்கான வழிகாட்டியை எழுதினார். தண்டிக்கும் விதி வேண்டாம், பழக்கிக்கொள்ளும் அறிவுரை போதும் என்பது அவர் நிலை. நல்லெண்ணம் உள்ளவர்களிடம் அது செல்லும். விதி தேவைப்படுவதோ மற்றவர்களுக்கு.

தமிழ் பேசும் குழுக்கள்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது. தமிழகத்தாரும் ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோரும் ஒரே பக்கத்தைத் திருத்துகிற இடம் அது. கிரந்த எழுத்துகளை ஆளலாமா, அயற்பெயரை எப்படி எழுதுவது என்ற வாதங்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கின்றன. தனிநபரைத் தாக்காதே, கருத்தைப் பேசு என்ற விதி பெரும்பாலும் இத்தகைய மொழிச் சண்டைகளில்தான் சோதனைக்கு உள்ளானது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் எல்லா மொழிகளுக்குமான பொது நடத்தை நெறியை அறிவித்தது. அதைச் செயல்படுத்தும் வழிமுறைகளை 2022-இலும், திருத்தியபின் 2023-இலும் பயனர் வாக்கெடுப்புக்கு விட்டது. மேலிருந்து வந்த விதியைக் கீழிருப்பவர்கள் வாக்களித்துத் திருத்த வைத்தது இந்த வரலாற்றில் அரிதான நிகழ்வு.

கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பேசும் வட்டம் 2012-இல் வெளிவரத் தொடங்கிய கணியம் இதழுக்குப்பின் பெருகியது. 2023 ஜனவரியில் டெபியனின் சிறு மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடு கொச்சிக்கு வந்தது. இரண்டிலும் பங்கேற்றவர்களுக்கு டெபியனின் நெறி பொருந்தியது. இப்போது உரையாடல் மடலைவிட்டு டெலிகிராமுக்கும் காணொளிக் கூட்டங்களுக்கும் போய்விட்டது. பதிலை மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்ற சண்டை அத்தோடு செத்துவிட்டது. மூத்தவர் புதியவரை 'நீ' என்பதும், அவர் பதிலுக்கு 'அண்ணா' என்பதும் இயல்பாக நடக்கிற இடத்தில், தவறு செய்த மூத்தவரைச் சுட்டிக்காட்டும் வேலை மட்டும் மடல் காலத்தைவிட எளிதாகிவிடவில்லை.

இன்று புதிதாகத் திட்டம் தொடங்குபவர் இரண்டு சொடுக்கில் நடத்தை நெறிக் கோப்பைச் சேர்த்துவிடலாம். பொது வரைவில், புகார் அனுப்ப வேண்டிய முகவரியை இங்கே நிரப்புக என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வரும். நிரப்பாமலே விட்டுவிட்ட திட்டங்கள் ஏராளம். ஏதாவது ஒரு குழுவில் சேர நினைக்கும் மாணவர் கோப்பின் மற்ற பத்திகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த வரியில் ஒரு முகவரி இருக்கிறதா என்று பார்க்கவும்.