முத்துப்பார்களும் அனுமதிச் சீட்டுகளும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்வோரிற் பலருக்குத் தாம் ஓர் அனுமதி வலயத்துக்குள் குடியிருக்கிறோம் என்பது தெரியாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலின் விளிம்பிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வகுத்திருக்கிறது. அதற்குள் கட்டடம் எழுப்புவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆனால் தொடர்மாடியில் வீடு வாங்கியவருக்கு அது கட்டட ஒப்பந்தகாரரின் தலைவலி. மாலையில் கடற்காற்று வாங்கப் போகும் எவரிடமும் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

இதே தீவின் வடமேற்குக் கரையில் நிலைமை வேறு. மன்னாரிலும் சிலாவத்துறையிலும் கடலுக்குப் போகிறவனுக்கு, கையில் இருக்கும் கடதாசியைப் பொறுத்தே அன்றைய அடுப்பு எரியும். கடலுக்குள் நுழைய அனுமதி கேட்கும் வழக்கம் அண்மைக்காலச் சூழலியலாளர் கண்டுபிடித்த ஒன்று எனப் பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. முருகைக்கற்பாறைகளைக் காக்கவேண்டும் என்று எவரும் பேசத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது முத்து.

மன்னார் வளைகுடாவில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால், ஏறத்தாழ 6 மைல் முதல் 21 மைல் வரையான தூரத்தில் முத்துச் சிப்பிகள் படியும் மேட்டுத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பது நம் கடலோர வழக்கு. ஆங்கிலேய அதிகாரிகளும் வேறு சொல் தேடாமல் தங்கள் அறிக்கைகளில் அதையே எழுதினார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தப் பார்களில் குளிக்கும் உரிமையைக் 'கல்' கணக்கில் பகிர்ந்தனர். ஒரு கல் என்பது குளிகாரன் காலில் மாட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும் கல். அந்தக் கல்லுக்கு வரி செலுத்தவேண்டும். சிலருக்கு மட்டும் வரியில்லாக் கற்கள். மதுரை நாயக்கருக்கு அவ்வாறு ஒதுக்கப்பட்டவை 96½ கற்கள். அந்த அரைக் கல்லை எப்படிக் கடலில் இறக்கினார்களோ, கணக்குப்பிள்ளைகளுக்கே வெளிச்சம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. இது எங்கள் கடல், நீங்கள் வரி கொடுத்து வாருங்கள் என்பதே அதன் பொருள். கடலைப் பாதுகாக்கிறோம் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

'பாதுகாப்பு' என்ற சொல் ஆங்கிலேயருடன் வந்தது. 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய அவர்கள் முதலில் தேடிய வருமானங்களில் முத்தும் ஒன்று. முதலாவது தேசாதிபதி பிரெடரிக் நோர்த், குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்றே அரிப்புக் கரையில் ஒரு மாளிகை கட்டினார். கடல் தின்றது போக எஞ்சிய அதன் சுவர்களை அவ்வூர் மக்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். 1811இல் மாட்சிமை தங்கிய மன்னரின் முத்துப்பார்களைப் பாதுகாப்பதற்கான ஒழுங்குவிதி பிறந்தது. கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் பார்களின் எல்லைக்குள் நங்கூரமிட்டோ சுற்றித் திரிந்தோ காணப்படும் படகு பறிமுதல் செய்யப்படும் என்பது அதன் சாரம். அந்தப் படகில் ஒரு சிப்பியேனும் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அங்கே நின்றதே குற்றம்.

இதில் நியாயமே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். முத்துச் சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். இளஞ்சிப்பியை அள்ளினால் முத்தும் இல்லை, அடுத்த தலைமுறைச் சிப்பியும் இல்லை. அதனால் பார்களைப் பரிசோதித்து, முதிர்ச்சி கண்டபின்பே குளிப்பு அறிவிக்கப்பட்டது. இந்தியக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வந்து சேர, ஆளில்லாக் காட்டுக்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஒரு நகரம் சில வாரங்களுக்கு எழுந்து மறையும். காவற் படகுகள் நிற்க, பதிவு பெற்ற படகுகள் மட்டுமே குறிக்கப்பட்ட இடத்தில் குளிக்கும். கரைக்கு வந்த சிப்பி 'கொட்டு' எனப்பட்ட வேலியிட்ட வளவுக்குள் எண்ணப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடற்கட்டிக்கு ஒரு காலத்தில் அரசே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கையற்ற துரைமாருக்கு, அவர் இல்லாமல் எவரும் கடலில் குதிக்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இனி வருவதுதான் என்னைப் பல நாள் சிந்திக்கவைத்த பகுதி. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாற்பட்ட கடல் எவருக்கும் சொந்தமில்லை என்பது அக்காலத்தில் பிரித்தானியாவே உலகுக்குப் போதித்த சட்டம். அப்படியாயின் 20 மைல் தொலைவில் நின்ற படகை எந்த உரிமையில் பறித்தார்கள்? 1893இல் பாரிஸ் நகரில் கூடிய பெரிங் கடல் நடுவர் மன்றத்தில் இக்கேள்வி எழுந்தது. அலாஸ்காவின் உரோமச் சீல்களைத் திறந்த கடலிலும் காக்கத் தனக்கு உரிமையுண்டு என்று வாதிட்ட அமெரிக்கா, இலங்கை முத்துப்பார்ச் சட்டத்தை எடுத்துக்காட்டியது. நீங்கள் அங்கே செய்வதைத்தானே நாங்கள் இங்கே செய்கிறோம் என்பது அதன் கேள்வி. பிரித்தானியத் தரப்பு, முத்துப்பார்கள் பன்னெடுங்காலமாக அனுபவிக்கப்பட்டு வந்தவை, எனவே அவை விதிவிலக்கு என்ற நிலையில் நின்றது. 1758இலேயே வட்டேல் என்னும் சுவிஸ் சட்ட அறிஞர், பஹ்ரைனினதும் இலங்கையினதும் முத்துக் கடல்கள் சொத்தாக முடியும் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பன்னெடுங்கால அனுபவம் யாருடையது? இலண்டனில் இருந்தவர்கள் அந்தக் கடலில் மூழ்கியதில்லை. மன்னார்க் கரையிலும் தூத்துக்குடி, கீழக்கரைக் கரைகளிலும் வாழ்ந்த பரதவரும் முஸ்லிம்களும் ஏனைய குளிகாரரும் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி நிலைநாட்டிய வழமை அது. உலக மன்றத்தில் அரசுக்கு உரிமைப் பத்திரமாகப் பயன்பட்ட அதே வழமை, அந்த மக்கள் தமக்காக எடுத்துச் சொன்னபோது பெறுமதியற்றுப் போனது. 1903இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த அன்னக்குமாரு பிள்ளை வழக்கும் இதே வகைதான். இராமநாதபுரக் கரைக்கு அப்பால், பாக்கு விரிகுடாவின் சங்குப் படுக்கைகளில் குத்தகைதாரரின் அனுமதியின்றிச் சங்கு எடுத்தவர்கள் மீது திருட்டுக் குற்றச்சாட்டு. மூன்று மைலுக்கு அப்பால் என்றாலும், நெடுங்கால அனுபவத்தால் அது பிரித்தானிய ஆள்புலமே என்றது நீதிமன்றம். இங்கும் வழமை ஆட்சிக்கே துணைநின்றது.

அனுமதி பெற்றவர்கள் கடலைக் காத்தார்களா? 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன், உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலுடன் வந்து பார்களை ஆராய்ந்தார். தொடர்ந்து நல்ல குளிப்புகள் அமைந்தன. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. அடுத்து அரசு செய்த காரியம், 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வாடகையில், முத்துப்பார்களை ஒரு இலண்டன் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. 20 ஆண்டு வாடகையையும் கூட்டினால் 62 இலட்சம். 1905இன் ஒரே பருவ வருமானத்தில் இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பட்டதாரியாக இருக்கவேண்டியதில்லை.

1906 குளிப்பின்போது மரிச்சுக்கட்டிக் கொட்டில் கடமையாற்றிய இளம் சிவில் சேவையாளர்களில் ஒருவர் லெனாட் வூல்ஃப். பிற்காலத்தில் அவர் எழுதிய சிறுகதை ஒன்றில் அந்த முகாமின் நாற்றமும் உழைப்பும் அப்படியே நிற்கின்றன. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. கம்பனி 1912இல் கலைக்கப்பட்டது. 1925 வரை சொல்லத்தக்க குளிப்பு நிகழவில்லை. சிப்பிகள் அழிந்ததற்கு நீரோட்டம், திருக்கை மீன், மண் மூடல் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவையும் பொய்யல்ல. எனினும் தொடர்ச்சியான பெருங்குளிப்புகளின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நூற்றாண்டுக் காலம் தோணிகளைப் பறித்துக் காத்த பார், முறையான அனுமதியோடு வந்தவர்களின் கையில் ஓய்ந்தது. கடற்பாதுகாப்புப் பற்றிய எந்த விவாதத்திலும் இதை நாம் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

சுதந்திரத்துக்குப் பின்னர் அரசே இன்னொரு அரசிடம் அனுமதிச் சீட்டுக்கு நின்ற வேடிக்கையும் நடந்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட இழுவைக் கப்பல்கள் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேட்டில் பல்லாண்டுகளாக மீன் பிடித்தன. கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு அந்த மீன் புதிதன்று. 1976ஆம் ஆண்டு மார்ச் உடன்பாட்டில் அந்த மேடு இந்தியாவுக்குரியதாயிற்று. நல்லெண்ணத்தின் பேரில், இந்தியாவின் உரிமம் பெற்ற 6 இலங்கைக் கப்பல்கள் வரை, ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், மூன்று ஆண்டுகள் மட்டும் பிடிக்கலாம் என்று எழுதினார்கள். அதற்கு இரண்டாண்டு முன், 1974 உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்றிருந்தது. அந்த 'முன்போலவே' என்ற சொல்லில் மீன்பிடி உரிமை அடங்குமா, அடங்காதா என்று இரு கரைகளும் இன்றுவரை வாதிடுகின்றன. வழமையைத் தெளிவாக எழுதிவைக்காததன் விலை அது.

பிறகு போர் வந்தது. 1984இல் வடகடல் கண்காணிப்பு வலயமாகவும் தடை வலயமாகவும் அறிவிக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் 'பாஸ்' என்ற சொல் நம் கடற்கரைத் தமிழில் நிலைத்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொட்டாஞ்சேனை விடுதியொன்றில் மன்னார்க் கடற்றொழிலாளர் ஒருவரைச் சந்தித்தேன். வெளிநாடு போக முகவருக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர். பணப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். பெயர், வள்ளத்தின் இலக்கம், இறங்குதுறை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம். அது காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தது. கடலைவிட்டு வந்த பின்னரும் அதை அவர் எறியவில்லை.

"அப்பாவுக்கு இது தேவைப்படேல்லை ஐயா. எனக்கு மட்டும் ஏன் எண்டு கேட்டா, சட்டம் எண்டுறாங்கள். ராவிலை படுகிற மீனைப் பகலிலை போய்ப் பிடி எண்டா எப்பிடிப் பிடிக்கிறது?" என்றார்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கிய நம்மவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு பதிவுத் துண்டு இருந்தது. அதனால் அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் பல இறங்குதுறைகளில் பாஸ் முறை நீடித்தது.

இன்று பாதுகாப்பு என்பதன் பொருள் மீண்டும் மாறியிருக்கிறது. 1979இல் ஹிக்கடுவையும் 1992இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பாறைத் தொடரும் கடற் சரணாலயங்களாயின. 2003இல் திருகோணமலையின் புறாத்தீவு தேசிய பூங்காவாயிற்று. 1998இல் கடல்நீர் வெப்பமேறி முருகைகள் வெளிறிச் செத்ததைக் கண்டவர்கள் எவரும் இத்தகைய காப்பு வேண்டாம் என்று சொல்லார். வெடி வைத்து மீன் பிடிப்போரையும் அடித்தளத்தைச் சுரண்டும் இழுவைமடிகளையும் தடுக்கத்தான் வேண்டும். ஆயினும் சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் சட்டத்தில் பெரும் வேறுபாடு உண்டு. சரணாலயத்தில் வழமையான தொழிலுக்கு இடமிருக்கும். தேசிய பூங்காவுக்குள் அனுமதியின்றிக் காலடி வைக்க முடியாது. கொழும்பில் வரையப்படும் வர்த்தமானியில் ஒரு சொல் மாறினால், மன்னாரில் ஒருவரின் தொழில் குற்றமாகிவிடும்.

சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் இன்றும் உரிமம் வேண்டும். 2018இல் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்காத முறைகளில் தொழில் செய்தவர்களிடம் உரிமம் இருந்தது என்பதே அவர்களின் முறைப்பாட்டின் மையம். முத்துக் கம்பனியின் கதையை அறிந்தவருக்கு இது பழகிய கதை. முசலிப் பகுதியில் இது கரையேறியும் வந்தது. 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் போருக்குப் பின் மரிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பியபோது, தாம் குடியிருந்த காணிகளிற் சில வனப்பிரதேச வர்த்தமானிக்குள் அடங்கியிருப்பதைக் கண்டார்கள்.

2015 ஜூன் மாதம் தலைமன்னாருக்கு அப்பாலுள்ள இராமர் அணையின் மணல்திட்டுகளும் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆமைகளும் வலசைப் பறவைகளும் வரும் இடம். காக்கப்படவேண்டிய இடந்தான். இத்தகைய பூங்காவுக்குள் ஒருவர் நுழையக்கூடிய நோக்கம் என்னவென்று வனசீவராசிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: அங்குள்ள விலங்குகளையும் தாவரங்களையும் பார்ப்பதற்கு. தகப்பனும் பாட்டனும் தோணியில் சென்றுவந்த அந்தத் திட்டுக்குத் தலைமன்னார்க் கடற்றொழிலாளி முறைப்படி அனுமதி பெற்றுப் போவதாயின், பார்வையாளராகவே போகவேண்டும்.