300 என்று எழுதினார்கள், 450இல் ஓடியது

ஒரு புரொசெசரின் வேகத்தைத் தீர்மானிப்பது யார்? அதைச் செய்த சிலிக்கனா, விற்கிற கம்பனியா?

1998 ஓகஸ்டில் இன்டெல் 'செலரோன் 300ஏ' என்ற மலிவுப் புரொசெசரை விட்டது. மொத்த விலை 149 டொலர். அதே காலத்தில் வந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2இன் விலை 669 டொலர். இரண்டும் ஒரே 0.25 மைக்ரோன் தொழில்நுட்பத்தில் செய்தவைதான்.

கணக்கு சின்னது. செலரோனின் பெருக்கி 4.5. மதர்போர்ட் கொடுக்கும் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். பெருக்கினால் 300. பெருக்கியை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. துடிப்போ மதர்போர்ட்டின் கையில். அதை 100 ஆக்கினால் 450! அந்த வசதி இல்லாத சில போர்ட்களில், பி21 என்ற தொடுகையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினாலே போதும், போர்ட் ஏமாந்துவிடும்.

பூட்டுக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லேலாது. குறைந்த வேகப் புரொசெசரில் கூடிய இலக்கத்தை அச்சடித்து விற்ற கள்ள வியாபாரிகள் அப்போது இருந்தார்கள். பூட்டு வாங்குபவரையும் காத்தது, கம்பனியின் விலைப்பட்டியலையும் காத்தது.

சரி, கூட்டின வேகத்தை நம்புவது எப்படி? விண்டோஸ் திறந்தால் மட்டும் போதாது. ஓடுவது வேறு, பிழையில்லாமல் ஓடுவது வேறு. 1994இல் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டை முதன்மை எண்களோடு மல்லுக்கட்டும்போதுதான் பென்டியம் பிழையாக வகுப்பதைக் கண்டுபிடித்தார். அது வடிவமைப்புப் பிழை, வேகத்தால் வந்ததல்ல. ஆனாலும் ஒரு கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் பொய் சொல்லும் என்பதை உலகம் அன்று விளங்கிக்கொண்டது.

ஓவர்குளொக் செய்தவர்களுக்கும் முதன்மை எண்களே கைகொடுத்தன. 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் பெரிய மெர்சென் முதன்மை எண்களைத் தேட ஒரு திட்டம் தொடங்கினார். நாட்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு இடத்தில் பிசகினாலும் எல்லாம் வீண். அதனால் அவருடைய பிரைம்95 மென்பொருளில் ஒரு சோதனை இருந்தது: புரொசெசரை மணிக்கணக்காகக் கசக்கிப் பிழிந்து, வரும் விடையை ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் வேகத்தைக் குறை, அல்லது சூட்டைத் தணி. கணிதத்தை எட்டிக்கூடப் பார்க்காத கேம் பிரியர்களும் இரவிரவாக இதை ஓடவிட்டார்கள்.

2011இல் இன்டெல்லின் ஐ5-2500கே வந்தது. பெருக்கி திறந்திருந்தது, ஆனால் சாதாரண 2500ஐ விடக் கொஞ்சம் கூடின விலைக்கு. ஒருகாலத்தில் ஒரு துண்டு டேப்புக்குக் கிடைத்த சுதந்திரம், பிறகு விலைப்பட்டியலில் இன்னொரு வரியானது. திறமையானவர்கள் கண்டுபிடித்த வழிகளுக்குச் சந்தை செய்வது பெரும்பாலும் இதுதான்: தடுக்க முடியாததை விற்கத் தொடங்கிவிடும்.