எஞ்சின் ரெடி... பாடி எது? பழைய காரை மீட்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

தாத்தா காலத்து அம்பாசிடர் எஞ்சின் ஒன்று ஷெட்டில் கிடக்கிறது. போரிங் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றியாச்சு. ஸ்டார்ட் பண்ணினால் சட்டென்று பிடிக்கிறது. இனி ஒரு நல்ல பாடி கிடைத்தால் ரோட்டில் இறக்கிவிடலாம் என்பதுதான் பலரின் கணக்கு. அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று துரு. இன்னொன்று ஆர்.சி.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த இரண்டுமே கொஞ்சம் கூடுதல் சிக்கல். ஆழ்வார்திருநகரி தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர். கிழக்கே போனால் கடலும் உப்பளமும். போதாக்குறைக்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. தண்ணீரில் நின்ற காரின் எஞ்சினைப் பிரித்துக் கழுவி மீட்டுவிடலாம். பாடியின் மூடிய இரும்புக் கூடுகளுக்குள் போன சேறும் ஈரமும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.

எல்லா பாடியையும் கழற்றி மாட்ட முடியுமா?

முடியாது. ஒரு காலத்தில் முடிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் போன்ற கம்பெனிகள் எஞ்சினும் சேஸும் மட்டும் கொடுக்கும். பாடியைத் தனியாக ஒரு கூடு கட்டும் நிறுவனம் செய்து தரும். மகாராஜாக்களின் கார்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுதான். 1840-ல் தொடங்கிய சென்னை சிம்சன் நிறுவனமும் ஆரம்ப காலத்தில் குதிரை வண்டிக்குக் கூடு கட்டியது. இன்றைக்கும் பல பஸ், லாரிகள் இப்படித்தான்: சேஸ் கம்பெனியிலிருந்து வரும், பாடி கரூரிலோ நாமக்கல்லிலோ கட்டப்படும்.

கார்களில் இந்தக் கதை மாறியது. 1934-ல் வந்த சிட்ரோயன் டிராக்சன் அவான் மாதிரியான கார்களில் சேஸ் தனியாக இல்லை, பாடியே எலும்புக்கூடு. இதற்கு மோனோகாக் என்று பெயர். அம்பாசிடரும், ஃபியட் 1100-ம், அதன் வாரிசான பத்மினியும் இந்த ரகம். இவற்றில் பாடி மாற்றுவது என்றால் கிட்டத்தட்ட வேறு காரே வாங்குவது மாதிரி. எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்குவதே அந்தத் தகடுதான்.

விதிவிலக்கு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல் வந்த இந்த காருக்குச் சேஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கலாம். பழைய ஜீப்பும் அப்படியே. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இவை இரண்டும் வசதி. ஆனால் அம்பாசிடர் எஞ்சினை வைத்துக்கொண்டு ஹெரால்டு பாடி தேடக் கூடாது. அதன் எஞ்சின் 948 சிசி, அம்பாசிடருடையது 1489 சிசி.

ஒரு சுவாரஸ்யம்: அதே 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின் குடும்பம்தான் பிரிட்டனின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. ‘நம்ம எஞ்சினுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பாடி போட்டால் என்ன?’ என்று ஆசை வருவது இயல்பு. அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது கீழே.

துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, தரைத் தகடு, சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், இவைதான் முதலில் போகும். மேட்டைத் தூக்காமல் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது.

அடுத்து ஜாக்கி. காரை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூட வேண்டும். தரையில் நன்றாக மூடிய கதவு இப்போது இடித்தால், கூடு பலம் இழந்துவிட்டது. மோனோகாக் காரில் இது டிங்கரிங் செலவோடு முடியாது, ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் கடற்கரையிலேயே ஓடிய பாடியைவிட, உள்மாவட்டத்தில் மழை படாத ஷெட்டில் நின்ற பாடி, பெயிண்ட் போயிருந்தாலும், பெரும்பாலும் நல்ல பேரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். எஞ்சினுக்குப் பாடி தேடுகிறோம் என்று நினைக்கிறோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தைப் பொறுத்தவரை வண்டியின் அடையாளம் சேஸ் நம்பர். மோனோகாக் காரில் அந்த நம்பர் பாடியோடுதான் இருக்கும். அதனால் ஆர்.சி. இல்லாத பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் ரோட்டுக்கு வராது, உதிரிபாகமாக மட்டுமே உதவும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் என்றாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும், மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீது கையில் இல்லையென்றால் அங்கேயே சிக்கல் தொடங்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஸ்போர்ட்ஸ் பாடி ஆசைக்கு இதுதான் பதில்.

‘விண்டேஜ்’ பதிவு வாங்கிவிட்டால் போதுமா?

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத கார், பைக்குகளை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிய பதிவு நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும்.

ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய பெட்ரோல் அம்பாசிடர் இதில் தேறுவது கஷ்டம். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் திருச்செந்தூருக்கும் நெல்லைக்கும் ஓட்ட நினைப்பவர், சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கக்கூடிய பாடியைத் தேடுவதே சரி.

பேப்பரைச் சரிபார்க்கும்போது ஒரு விஷயம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். அதற்கு முன்பு இந்தப் பகுதியில் பதிவான காரின் பழைய பதிவேட்டை நெல்லை பக்கம்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.