கிழிந்த குடலைத் தைத்தவர்களின் வரலாறு

கத்திக்குத்தினாலோ டைபாய்டு காய்ச்சலினாலோ குடலில் ஓட்டை விழுந்தால், அதைத் தைத்து மூடினால் போதும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் தைத்த இடம் மீண்டும் கசியாமல் காப்பதுதான் அரிது. இந்தப் போராட்டத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

பத்தாம் நூற்றாண்டில், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் குர்துபா நகருக்கருகே வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 30 பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ எனும் தம் நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். குடற்காயத்தின் விளிம்புகளைப் பெரிய தலையுடைய எறும்புகளைக் கடிக்கவைத்து, பின் உடலை மட்டும் வெட்டியெடுத்து இணைக்கும் முறையையும், விலங்குக் குடலிலிருந்து எடுத்த மெல்லிய இழையால் தைக்கும் முறையையும் அதில் பதிவு செய்தார். வயிற்றுக் காயம் ஆறாத துளையாகி, அதன் வழியே மலம் வெளியேறிய ஒருவர் தம் சிகிச்சையில் குணமடைந்ததையும் எழுதிவைத்தார்.

1826இல் பிரான்சின் லாம்பேர், குடலின் வெளிப்பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தைத்தால் அவை விரைவில் ஒட்டிக்கொள்ளும் எனக் காட்டினார். இன்றைய குடல் தையலுக்கு அதுவே அடித்தளம்.

ஆயினும் வயிற்றறையில் சீழும் மலமும் பரவியிருக்கையில் சிறந்த தையலும் தோற்கக்கூடும். அழற்சியால் வீங்கிய குடற்சுவரை நூல் அறுத்துவிடும். இரத்த அழுத்தம் தாழ்ந்த நிலையில் குடலுக்குப் போதிய இரத்தம் செல்லாததால் இணைப்பு ஆறாது. அது கசிந்தால் தொற்று மீண்டும் பரவி, உயிருக்கே ஆபத்தாகும்.

1921இல் பாரிஸின் ஹார்ட்மன், பெருங்குடற் புற்றுநோய்க்கு வேறொரு வழியைக் கையாண்டார். நோயுற்ற பகுதியை நீக்கியபின் குடலை உடனே இணைக்காமல், மேல்முனையை வயிற்றின் வெளியே கொண்டுவந்து திறப்பாக அமைத்தார், கீழ்முனையை மூடிவிட்டார். கடுந்தொற்றின் போதும் இம்முறை பின்னர் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. இன்றும் மருத்துவர்கள் முதலில் தொற்றின் மூலத்தை அகற்றி, வயிற்றறையைக் கழுவி, நோயாளியின் இரத்த ஓட்டத்தைச் சீராக்குகின்றனர். நிலைமை தேறியிருந்தால் குடலை இணைக்கின்றனர். இல்லையேல் திறப்பு வைக்கின்றனர். சில வேளைகளில் இணைத்த பின்னும், அதைக் காக்க மேலே தற்காலிகத் திறப்பு ஒன்றை அமைப்பதுண்டு. பலருக்குச் சில மாதங்களில் அதை மூடிவிட இயலும். சிலருக்கு அது நிலைத்துவிடும்.

“வயிற்றில் பை கட்டினால் தொழுவது எப்படி?” என்ற கவலையால் நம் குடும்பங்களில் சிலர் ஒப்புதல் அளிக்கத் தயங்குகின்றனர். அவசர அறுவையில் அத்தாமதமே ஆபத்து. தொடர்ந்து சிறுநீர் கசிபவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும், நேரம் வந்தபின் புதிதாக உளூ செய்து தொழலாம் என்ற சலுகையை ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் நெடுங்காலமாகவே தருகின்றன. பை அணிந்தவருக்குரிய விவரங்களை ஆலிமிடம் பின்னர் கேட்டறியலாம். அறுவைக்கு முன் மருத்துவரிடம் நாம் கேட்கவேண்டியவை வேறு: இப்போதே இணைப்பது பாதுகாப்பானதா? திறப்பு வைத்தால் அது தற்காலிகமானதா? அதை எப்போது மூடலாம்?

பொறுத்திருந்து இணைப்பதும் சிகிச்சையே. தொழுகைக்கு மார்க்கம் வழி வைத்திருக்கிறது. உயிரைக் காக்கும் முடிவை நாம் தாமதிக்க வேண்டியதில்லை.