உருசியக் கலச்சொற்கள் காட்டும் வரலாறு

ஒரு தொழில் ஒரு நாட்டினுள் எவ்வாறு புகுந்தது என்பதனை ஏடுகள் கூறாவிடினும் சொற்கள் கூறும். உருசிய மொழியில் மரக்கல உறுப்புக்களுக்கு வழங்கும் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவை காலத்தால் வேறுபட்ட இரண்டு அடுக்குகளாக அமைந்திருத்தலை ஈண்டுக் காண்போம்.

முதல் அடுக்கு மிகப் பழமையானது. கலத்தின் அணியத்தை உருசியர் 'நோஸ்' என்பர். மூக்கு என்பதே அதன் நேர்ப்பொருள். பின்பகுதி 'கொர்மா', துடுப்பு 'வெஸ்லோ'. இம்மூன்றும் சிலாவியப் பழஞ்சொற்கள். நங்கூரத்தைக் குறிக்கும் 'யாக்கர்' வடபுலத்து நோர்சு மக்களிடமிருந்து பெற்றது. கான்ஸ்டாண்டிநோபிளினின்று மீளும் உருசிய வணிகர்க்கு நங்கூரமும் கயிறும் பாயும் கிரேக்கர் அளித்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டைப் பழைய உருசிய வரலாற்றேடு 907ஆம் ஆண்டுச் செய்தியாகக் குறிக்கின்றது. எனவே, கலம் செலுத்துதற்குரிய அடிப்படைச் சொற்கள் அம்மொழியில் முன்னரே இருந்தன எனலாம்.

இரண்டாம் அடுக்கு பெரும்பாலும் ஒல்லாந்த மொழியினின்று வந்தது. 1660களில் அலெக்சி மன்னர், ஓக்கா ஆற்றங்கரைத் தெதினோவோவில் கலம் கட்ட ஒல்லாந்தரை அழைத்தார். அவர் மகன் முதலாம் பீட்டர் 1697இல் ஆம்ஸ்டர்டாம் சென்று, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமத்தின் கலங்கட்டு களத்தில் தச்சராகவே உழைத்தார். கலத்தின் அடிமரம் 'கீல்', பாய் தாங்கும் குறுக்குமரம் 'ரேயா', கலத்து அறை 'கயூத்தா', கலத்தொழிலாளன் 'மத்ரோஸ்', கலங்கட்டு களம் 'வெர்ஃப்' என வழங்குவன எல்லாம் ஒல்லாந்தச் சொற்களே.

இவை நூல்வழி வந்தனவா, செவிவழி வந்தனவா? சரக்கறையைக் குறிக்கும் 'த்ர்யூம்' என்னும் சொல் இதற்கு விடை தருகின்றது. ஒல்லாந்தத்தில் அவ்வறையின் பெயர் 'ராய்ம்'. அதன் முன் வரும் சுட்டடை பேச்சில் 'த்' எனக் குறுகி ஒலிக்கும். உருசியர் அடையையும் பெயரையும் ஒரு சொல்லாகவே கொண்டனர். எழுத்தைக் கண்டு கற்றோர் பெரும்பாலும் இங்ஙனம் மயங்கார். கலத்தில் வெயில் மறைக்கும் விரிப்பின் ஒல்லாந்தப் பெயர் 'ஸோந்திக்' எனத் திரிந்தது. 'இக்' என்னும் இறுதி உருசியத்தில் சிறுமை குறிக்கும் விகுதியாதலின், அதனை நீக்கி 'ஸோந்த்' என்னும் புதுச்சொல்லையும் மக்கள் ஆக்கிக்கொண்டனர். இன்று இரண்டும் குடையைக் குறிக்கின்றன.

அயற்சொல் புகுந்தவிடத்துப் பழஞ்சொல் மாய்ந்ததா? சுக்கானுக்குரிய 'கொர்மீலோ' என்னும் சொல்லை ஒல்லாந்த வழிவந்த 'ரூல்' விலக்கியது. எனினும் அது மறையவில்லை. ஆட்சித் தலைமையைக் குறிக்கும் உயர்நடை உருவகமாக நிலைபெற்றது. 'ரூல்' என்பதோ பின்னர் மோட்டார் வண்டிக்கும் உரியதாயிற்று.

கடற்படை அதிகாரியாகிய அலெக்சாந்தர் சிஷ்கோவ், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம் ஆகிய மூன்றற்கும் 1795இல் கடற்சொல் அகராதி வெளியிட்டார். அயற்சொல் மிகுதலைக் கண்டித்து 1803இல் நூல் இயற்றியவரும் அவரே. ஆயினும் கீலும் ரூலும் த்ர்யூமும் உருசியக் கலங்களினின்று நீங்கவில்லை. கருவியோடும் தொழிலாளர் வாய்மொழியோடும் வந்த சொல்லை ஏட்டு வாதத்தால் அகற்றல் எளிதன்று. அயற்சொல்லை மொழியின் வறுமை எனக் கருதி ஒதுக்குமுன், அது எவர் கையிலிருந்து எவர் கைக்குத் தொழில் சென்றது என்பதற்கு அழியாச் சான்றாய் நிற்றலை ஆய்வாளர் உணர்தல் வேண்டும்.